ஏரிக்கரையில் இடம் கேட்ட தனிஸ்லாஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை, காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் தனிஸ்லாஸின் மச்சான் பீட்டர் வந்து நின்றான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "அண்ணாத்தே, மாமா பூட்டாரு" என்றான். கோயிலுக்குப் புறப்பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தானாம். பிறகு எழுந்திருக்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி கமலா, தான் கேட்டது சரிதானா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள்.

துறைமுகத்தில் அவனோடு வேலை செய்த நீங்கள் எல்லோரும் அவனுடைய கல்மண்டபத்து வீட்டுக்கு வந்திருந்தீர்கள். கிரேன் மேலே உட்கார்ந்துகொண்டு அவன் அடித்த கேலிகளைச் சொல்லி அழுதீர்கள், சிரித்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் கதை நின்றுகொண்டு சொல்லக்கூடியது அல்ல, அதனால்தான் எழுதுகிறேன். அவன் என்னைவிட மூத்தவன். ஆனாலும் 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, தனிஸ்லாஸ் ஒரு டிரெய்லர் வண்டி வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். தகரத்தில் கூரை போட்டான். ஜன்னல் வைத்தான். சுவரோடு மடக்கக்கூடிய இரண்டு பலகைகளைப் படுக்கையாக்கினான். பீட்டரின் பழைய லாரிக்குப் பின்னால் அதைக் கட்டி ராயபுரத்தில் ஒரு சுற்று வந்தபோது, சக்கரம் வைத்த கோழிக்கூண்டு என்று நாம் சிரித்தோம். "சிரிங்கடா. லீவு வுட்டா நீங்க வூட்லயே குந்திகினு இருப்பீங்க. நா வூட்ட இட்டுகினு போவேன்" என்றான்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குக் காசநோய் வந்தது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினேன். கிருமி போய்விட்டது, இனி யாருக்கும் ஒட்டாது, புகையில்லாத இடத்தில் கொஞ்ச நாள் இருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். டாக்டர் சொன்னது எங்கள் தெருவுக்குக் கேட்கவில்லை. நான் குழாயடிக்குப் போனால் குடங்கள் நகர்ந்தன. எங்கள் மகள் வள்ளிக்கு அப்போது நாலு வயது. என் மாமியார் அவளைப் புளியந்தோப்புக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். பேத்தியின் உயிர் அவருக்குப் பெரிது; நான் கோபப்பட முடியுமா? ஆனால் குழந்தையைத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது எப்படியிருக்கும் என்று, அப்படித் திரும்பியவனுக்குத்தான் தெரியும்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் தனிஸ்லாஸ் வந்தான். "பழவேற்காடு ஏரிக்கு வண்டிய இட்டுகினு போறோம். நீ, கமலா, வள்ளி, நா, ரெஜினா" என்றான். வள்ளியை எப்படி அனுப்புவார்கள் என்றேன். "அத்த நா பாத்துக்கறேன்."

அவனும் அவன் மனைவி ரெஜினாவும் புளியந்தோப்புக்குப் போனார்கள். என் மாமியார் முதலில் முகம் கொடுத்துப் பேசவேயில்லையாம். கடைசியில் ரெஜினா, "அம்மா, நானும் அதே வண்டிலதான் படுக்கப்போறேன். எனக்கு மட்டும் உசுரு வெல்லம் இல்லியா?" என்று கேட்டிருக்கிறாள். குழந்தையை அனுப்பிவிட்டார்கள். ஆனால் தனிஸ்லாஸ் ஓட்டிய பீட்டரின் லாரியில் வள்ளி ரெஜினாவின் மடியை விட்டு என்னிடம் வரவில்லை. என்னைப் பார்ப்பாள், நான் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

ஏரிக்கரையில் முதலில் வந்த இடம் அவ்வளவு அழகு. சவுக்குத் தோப்பு, கீழே வெள்ளை மணல், எதிரே தண்ணீரில் கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள். நான் இறங்கத் தயாரானேன். தனிஸ்லாஸோ வண்டியை அவிழ்க்காமல் நேராகக் குடிசைகள் பக்கம் போனான். "என் தோஸ்து வந்துகீறான். டி.பி. வந்து தேறிட்டான். கொஞ்ச நாள் இங்க நிறுத்திக்கலாமா?" என்று கேட்டான். எனக்குக் காது சூடேறியது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, வேண்டாம் என்று கைகூப்பிவிட்டார்கள்.

லாரி நகர்ந்ததும் அவனிடம் எரிந்து விழுந்தேன். "யார் கேட்டார்கள் உன்னை? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?"

அவன் என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னான். "சொல்லாத நிறுத்துனா, ஒவ்வொரு தபா இருமல் வர்றப்பவும் நீ பயந்துகினே இருமணும். அதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?"



அடுத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் குடிதண்ணீருக்கு வெகுதூரம் நடக்கவேண்டும். "ஆம்பளைங்க காத்து வாங்குவீங்க. தண்ணி சொமக்கறது யாரு?" என்று ரெஜினா தள்ளிவிட்டாள். மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. நாலு பனைமரம், வெயில், சேற்று வாடை. இறால் உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் தனிஸ்லாஸ் சொன்னதை முழுக்கக் கேட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிறுத்திக்கோங்க. ஆனா கெணத்துல அவரு மொள்ள வேணாம். நாங்க மொண்டு ஊத்தறோம்."

மறுபடியும் எனக்குச் சுருக்கென்றது. தனிஸ்லாஸ் சிரித்தான். "அவங்களுக்கும் பயம் இருக்கும்ல? பயத்த சொல்லிட்டு எடம் குடுக்கறாங்க பாரு. இதான் நம்ம எடம்" என்று வண்டியை அவிழ்த்தான். இரண்டு நாள் அந்த அம்மாள்தான் எங்களுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். அதற்கு மறுநாள் வாளியையும் கயிற்றையும் டிரெய்லர் வாசலில் வைத்து, "எனக்கு இன்னா வேற வேலை இல்லியா? நீயே மொண்டுக்க" என்றார். அன்று நான் இறைத்த தண்ணீரில் கமலா சோறு வடித்தாள்; அந்த அம்மாளும் ஒரு வாய் சாப்பிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் தனிஸ்லாஸும் பெண்களும் மீன் வாங்கப் போயிருந்தார்கள். வெளியே விளையாடிக்கொண்டிருந்த வள்ளி இடிச் சத்தத்துக்குப் பயந்து டிரெய்லருக்குள் ஓடிவந்தாள். உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு கணம் தயங்கினாள். அடுத்த இடிக்கு என் மடியில் ஏறிவிட்டாள். சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். மழை வந்தது. கால் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை. மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன்.

கதவு லேசாகத் திறந்தது. தனிஸ்லாஸ், தலையெல்லாம் சொட்டச் சொட்ட. எங்களைப் பார்த்தான். மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டான். "ஏங்க, உள்ள போவ வுடுங்க, நனையறோம்" என்று ரெஜினா சத்தம் போட்டது கேட்டது. "நனஞ்சா காஞ்சிடும். சும்மா நில்லு" என்றான் அவன். கமலா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பிறகு அவளும் உள்ளே வரக் கேட்கவில்லை. குழந்தை தானாக விழிக்கும்வரை மூன்று பேரும் மழையில் நின்றார்கள். வாங்கிவந்த மீனை மட்டும் ரெஜினா முந்தானையால் மூடி வைத்திருந்தாள், அது நனையக் கூடாத ஜாதி என்பதுபோல. அதைச் சொல்லிச் சொல்லி அன்று வெகுநேரம் சிரித்தோம்.

ஊர் திரும்பியபோது வள்ளி புளியந்தோப்பில் இறங்க மறுத்தாள். மாமியார் லாரியருகே வந்து, பேத்தியின் கையை என் கழுத்திலிருந்து எடுக்கப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். "நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

தனிஸ்லாஸை அறிந்தவர்களே, அவனிடமிருந்து உங்களுக்கு ஆளுக்கொன்று கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். என் மகள் என் வீட்டில் வளர்கிறாள். பள்ளிக்கூடம் போகுமுன் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பிடிக்காததை ஒதுக்கி, கேட்காமலே என் தட்டில் போடுகிறாள். நான் அதைச் சாப்பிடுகிறேன்.