மாடித் தாழ்வாரத்தின் நான்காவது கம்பி

அரசுக் குடியிருப்பு ஒதுக்கீட்டு உத்தரவின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். குடியிருப்பவர் கட்டடத்தில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. ஓர் ஆணி அடிப்பதென்றாலும் எழுத்து மூலம் முன் அனுமதி வேண்டும். உயிருக்கு ஆபத்தான பழுது என்றால், மனு கிடைத்த ஏழு நாளில் துறையே சரிசெய்யும். இதை என்னால் தூக்கத்தில்கூடச் சொல்ல முடியும். பெரம்பலூரில் அந்தத் தாளை அச்சுக்கு அனுப்பிய பிரிவில் பதினொரு வருடம் நான்தான் கண்காணிப்பாளர்.

என் மகள் அரசு மருத்துவமனையில் செவிலியர். அவளுக்கு ஒதுக்கிய வீடு முதல் மாடியில் இருந்தது. வாசலை ஒட்டிய தாழ்வாரத்துக் கைப்பிடியில் நான்காவது கம்பி துருப்பிடித்து உதிர்ந்துபோய், ஒரு பூசணிக்காய் நுழையும் அளவுக்குச் சந்து. கீழே சிமெண்ட் தரை. பேத்தி தவழ ஆரம்பித்ததும் வீட்டையே மாற்றி வைத்தோம். பினாயில் பாட்டில் பரணுக்குப் போனது, ப்ளக் ஓட்டைகளில் டேப் ஒட்டினோம், அரிவாள்மனை அலமாரி மேல் ஏறியது, தண்ணீர் வாளிகள் கவிழ்ந்தன. கம்பி மட்டும் பாக்கி.

"ரெண்டு முழம் கட்டுக்கம்பி இருந்தா நானே வரிஞ்சு கட்டிடுவேன்" என்றார், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திருமழபாடியிலிருந்து வந்திருந்த சம்பந்தி அம்மாள். நான் நிபந்தனையைச் சொன்னேன்.

"ஏன் சம்பந்தி, புள்ள வுழுவுறதுக்கும் அனுமதி வாங்கணுமா?"

விவரம் தெரியாத பேச்சு என்று நினைத்துக்கொண்டு மகள் பெயரில் மனு எழுத உட்கார்ந்தேன்.

எட்டாம் நாள் மனு திரும்பி வந்தது. சந்தின் அளவைக் காட்டும் வரைபடம் இணைக்கப்படவில்லையாம். திருப்பி அனுப்பிய கண்காணிப்பாளரை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற மறுநாள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். சட்டைப் பையில் மூன்று பேனா. மேசையில் ஈரப் பஞ்சுக் கிண்ணம் இருக்கும். ஆனால் பக்கம் புரட்ட விரலை நாக்கில்தான் தொடுவார். நேரில் போய்க் கேட்டபோது அந்த எச்சில் விரலாலேயே எனக்கு நாற்காலியைக் காட்டினார்.

"வாங்க சார், வாங்க. டீ சொல்லவா?"

"கொழந்த சமாச்சாரம்ப்பா. திருப்பி அனுப்பிட்டியே?"

"நானா சார்?" என்று சிரித்தபடி பழைய கோப்பு ஒன்றைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். "உங்க நோட்டுதான் சார் இது. உங்க காலத்துல ஒரு நர்ஸம்மா, கைக்குழந்த இருக்கு, ஜன்னலுக்குக் கம்பி போட்டுத் தாங்கன்னு கேட்டாங்க. வரைபடம் இல்லன்னு திருப்பிட்டீங்க. அத முன்னுதாரணமா சீட்டு சொருகி வச்சிருக்கோம் சார். அதப் பாத்துத்தான் எல்லாத்துக்கும் எழுதறோம்."

கையெழுத்து என்னுடையதுதான். நேர்த்தியாகவே இருந்தது. அந்தப் பெண் மறுபடி எழுதவில்லை. கோப்பு அத்தோடு முடிந்திருந்தது. அவள் முகமோ, அந்த ஜன்னலோ, குழந்தைக்கு என்ன ஆனது என்பதோ எதுவும் எனக்கு நினைவில்லை. அவர் வரவழைத்த டீயைக் குடித்தேன். ஏலக்காய் போட்ட நல்ல டீ. அதை மிச்சம் வைக்காமல் குடித்தேன் என்பதுதான் இப்போது குமட்டுகிறது.

அதைவிடக் கேவலம், வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தை அளந்தேன். மறுநாள் காலை, வரைபடத்தோடு இரண்டாவது மனுவைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் டியூட்டிக்குப் போயிருந்தாள். சம்பந்தி அம்மாள் தாழ்வாரத்துக் கோடியில், குழாயடியில் கெண்டை மீன் உரசிக்கொண்டிருந்தார். குழந்தை என் பொறுப்பில். யார் யாருக்கு நகல் என்பதை எழுதி முடித்து நிமிர்ந்தபோது கொலுசுச் சத்தம் கேட்கவில்லை. பேத்தியின் தலையும் ஒரு தோளும் சந்துக்கு வெளியே போயிருந்தன. பேனாவோடு எழுந்து நின்றேன். நான் செய்தது அவ்வளவுதான். அந்த அம்மாள் பாய்ந்து வந்து கொலுசுக் காலைப் பிடித்து இழுத்தார். குழந்தை அலறியது. கால் முழுக்க மீன் செதில்.

அவர் என்னை வையவில்லை. தன் நூல்சேலை ஒன்றை எடுத்துக் கிழித்து, முறுக்கி, கம்பிக்குக் கம்பி பின்னி இறுக்கினார். கால் மணி நேர வேலை.

"அந்த மனுவ அனுப்பிச்சுடுங்க சம்பந்தி. பாடுபட்டு எழுதுனது வீணாப் போவ வேணாம்."

அனுப்பினேன். பிறகு ஒருநாள் அலுவலகத்து ஆள் வந்து, பைக்கை விட்டு இறங்காமலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனதாக எதிர்வீட்டார் சொன்னார்கள். அத்தோடு பேச்சு மூச்சில்லை. பேத்தி நடந்தாள், ஓடினாள், மாடிப்படியில் தானே ஏறி இறங்கக் கற்றாள்.

கடைசியில் பதில் வந்தது. கள ஆய்வில் கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே சந்து எதுவும் காணப்படவில்லை. ஆனால் அனுமதியின்றித் துணி கட்டப்பட்டிருப்பது நிபந்தனைக்கு முரணானது. ஏழு நாளுக்குள் அதை அகற்ற வேண்டும். அந்தக் கடிதம் வந்தது ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பேத்தியை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டு நாங்கள் திரும்பிய அன்று.