ஈ எழுத்தின் மேல் ஒரு கோடு

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் நான் என்பதை யாரிடமும் மறைத்ததில்லை. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அத்தா ஹுமாயூன், சீனி வாங்க வருகிறவர்களிடம்கூட அதைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். அந்த மிதப்போடுதான் 1993இல் இராஜபாளையத்தில், காஸ் துணியும் பேண்டேஜும் வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அந்த அறைக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டேன்.

ஒருநாள் மேனேஜர் உக்கிரபாண்டி பேக்ஸ் தாள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். காரைக்கால் ஏஜென்ட் பக்கீர் முகமது பிடித்துக் கொடுத்த பிரான்ஸ் ஆர்டர். பெட்டிகளில் ஒட்ட பிரெஞ்சில் லேபிள் அடிக்க வேண்டும்.

"நூர்னிசா, ஒனக்கு பிரெஞ்சு வருமா?"

"ஏ பி சி டி தானே சார். பாத்து அடிச்சிட்டாப் போச்சு."

தாளில் சில e எழுத்துகளின் தலையில் சிறு கோடு சாய்ந்திருந்தது. பேக்ஸ் மெஷின் இருந்த மூலையில் ஈ மொய்க்கும். ஈ எச்சம் என்று தீர்மானித்து, கோட்டை விட்டுவிட்டுச் சுத்தமாக அடித்தேன். எச்சத்தோடு அடிக்காத என் கெட்டிக்காரத்தனத்தை மேனேஜரிடமும் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

பெட்டிகள் காரைக்கால் குடோனுக்குப் போன மறுநாள் பக்கீர் முகமது போனில் கூப்பிட்டார். குரல் பொறுமையாகத்தான் இருந்தது.

"ஏம்மா, இது உப்புத்தண்ணியில நனைச்சுக் காயவச்ச பேண்டேஜ். ஸலேன்னா உப்புப் போட்டது. நீங்க மேல உள்ள கோட்டை எடுத்துட்டீங்க. அப்ப அது ஸால். ஸால்னா அழுக்கு. பெட்டிக்குப் பெட்டி 'அழுக்கு பேண்டேஜ்'னு ஒட்டியிருக்கு."

salé என்பதை sale ஆக்கியிருந்தேன். கோட்டை எப்படிப் போடுவது என்று கேட்டேன். ஆல்ட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு 130 அடித்துவிட்டுக் கையை எடுத்தால் வரும் என்றார்.

அடித்தேன். வரவில்லை. பலமாக அடித்தேன். கம்ப்யூட்டர் பழுது என்று மேனேஜரிடம் உறுதியாகச் சொல்லி, மதுரையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் நான் அடிப்பதைச் செத்த நேரம் பார்த்தார்.

"மேல் வரிசை நம்பர்ல அடிச்சா வராதும்மா. வலது பக்கம் தனியா இருக்குல்ல, அதுல அடிங்க" என்று சொல்லி, Num Lock பட்டனைத் தட்டி அதன் விளக்கை எரியவைத்தார். தலையில் கோட்டோடு é வந்து நின்றது. டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பயந்தவள் அளவோடு நிற்பாளா? ஒரு கோட்டையும் விட்டுவிடக் கூடாது என்று, சொல்லின் கடைசியில் வந்த e அத்தனைக்கும் கோடு போட்டுப் புது லேபிள் அடித்து அனுப்பினேன். மறுபடி போன்.

"காஸ் துணிக்கு பிரெஞ்சுல gaze. அதுக்குக் கோடு கிடையாதும்மா. கோடு போட்டா காஸே. விஷவாயு தாக்குனவன்னு அர்த்தம்."

உக்கிரபாண்டி என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல அழுக்கு. பொறவு விஷவாயு. அடுத்தாப்ல என்ன தாயி அனுப்பப் போறோம்?"

மூன்றாம் தடவை, பேக்ஸ் தாள்மேல் ஸ்கேலை வைத்து, முதல் நாள் டைப் படிக்கப் போன பிள்ளை போல ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். அந்த லேபிளோடு சரக்கு கப்பல் ஏறியது. போன் வரவில்லை. என் வேலைக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

சில மாதம் கழித்து பக்கீர் முகமது நேரிலேயே கம்பெனிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். நம்மவர்தானே என்று ஸலாம் சொல்லத் தயாராக எழுந்து நின்றேன். அவர் வாசலிலேயே நின்று, சிரித்த முகத்தோடு, "போன்ழூர்" என்றார்.

பிரெஞ்சு காதில் விழுந்ததும் மேஜையில் லேபிள் தாளைத் தேடினேன்.

"மன்னிச்சிருங்க சார். எந்தப் பெட்டின்னு சொல்லுங்க, இப்பவே மாத்தி அடிச்சுத் தாரேன்."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"வணக்கம்தாம்மா சொன்னேன்" என்றார் பக்கீர் முகமது. "அதை மாத்த வேணாம்."