பந்தயக் காருக்கு நான் எழுதிய பட்டியல்

கம்ப்யூட்டர் தம்பிக்கு, அதற்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்க வேண்டியது நான். ஏழாம் வகுப்பில் எனக்கு நேர்ந்த அநியாயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தம்பி என்றால் சித்தி மகன், திருத்தணியிலேயே எங்களுக்கு அடுத்த தெரு. கார்ப் பந்தய விளையாட்டு ஆட வேண்டும், அதுவும் நிஜ வண்டியைப் போல ஸ்டியரிங் பிடித்து, பெடலை மிதித்து ஆட வேண்டும் என்று ஒரு வருடம் நச்சரித்து, டூரிஸ்ட் வேன் ஓட்டும் சித்தப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டான். எங்கள் வீட்டில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வருடம் மூன்று வருடமாக வந்துகொண்டே இருந்தது.

கொடுமை என்னவென்றால், விஷயம் தெரிந்தவள் நான்தான். அம்மாவின் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எந்த ப்ராசஸர், எவ்வளவு ராம், எந்த கிராபிக்ஸ் கார்டு என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். வாங்க வழியில்லாதவளுக்கு அறிவு மட்டும் எதற்கு வந்ததோ. சித்தப்பா நோட்டும் பேனாவுமாக வந்து என் எதிரே உட்கார்ந்தார். "நீ எழுதறதுதாம்மா. நான் அப்படியே வாங்கிக்கினு வந்துடுவேன்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

பந்தய விளையாட்டுக்கு உயிரே கிராபிக்ஸ் கார்டுதான். படம் தடங்கலில்லாமல் ஓடுவது அதனால்தான். அந்த இடத்தில் இருப்பதிலேயே சோப்ளாங்கியான ஒரு கார்டை எழுதினேன். மிச்சமான பணத்துக்குக் கண்ணாடிப் பெட்டியும், உள்ளே கலர் கலராக விளக்கெரியும் ஆறு ஃபேனும். பார்க்க ஜோராக இருக்கும், ஓடத்தான் ஓடாது.

அரக்கோணத்துக் கடையிலிருந்து சித்தப்பா போன் செய்தார். அந்த கார்டு போதாது, வேறு போடலாம் என்று கடைக்காரர் சொல்கிறாராம். "அவங்க அப்படித்தான் சித்தப்பா சொல்லுவாங்க" என்றேன். "எங்க பொண்ணு சொல்லிடுச்சு, மாத்தாதீங்க" என்று அவர் பெருமையாகச் சொன்னது போனிலேயே கேட்டது.

கம்ப்யூட்டர் வந்த மறுநாளே ஸ்டியரிங்கையும் பெடலையும் மலைக்கோயிலுக்கு எடுத்துப் போய்ப் பூஜை போட்டார்கள். "ஸ்டியரிங்கு இருந்தா வண்டிதானே" என்பது சித்தப்பாவின் கட்சி. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதற்குச் சக்கரம் இல்லாததால், ஆக்சிலேட்டர் பெடலுக்கு அடியில் பழத்தை வைத்துத் தம்பியை மிதிக்கச் சொன்னார்கள். குருக்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மந்திரம் சொன்னார்.

விளையாட்டு நான் நினைத்தபடியே ஓடியது. நேர்ப்பாதையில் எப்படியோ போகும். திருப்பம் வந்ததும் படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது கார் சுவரில் மோதிக் கிடக்கும். எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் ஒருவரும் என் பட்டியலைக் குறை சொல்லவில்லை. எலுமிச்சைச் சாறு பெடலுக்குள் போய்விட்டதோ என்று சித்தப்பா தலையைச் சொறிந்தார். "நைனா பழம் வெச்சதால இல்லக்கா, எனக்குத்தான் இன்னும் கை பழகல" என்றான் தம்பி. பள்ளிக்கூடம் விட்டதும் உட்கார்ந்து ஒரு மாதம் திருப்பங்களையே பழகினான். சரியான மக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது சித்திதான். "யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து, தம்பியைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தாள். நான் மெல்ல நழுவப் பார்த்தேன்.

"நீ எங்க போற? வந்து உக்காரு. இவ்ளோ விவரம் தெரிஞ்ச பொண்ணு, உன் மேல படாத கண்ணா" என்று என்னையும் பிடித்து அவன் பக்கத்தில் இருத்தினாள். இருவரையும் சேர்த்தே மூன்று சுற்றுச் சுற்றினாள். அடுப்பில் போட்ட மிளகாய் படபடவென்று வெடித்தது. துளி நெடி இல்லை. கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். "பாத்தியா, எவ்ளோ பெரிய கண்ணு" என்றாள் சித்தி, என் தலையைத் தடவியபடி.

நல்லவேளை மாட்டிக்கொள்ளவில்லை என்று வீட்டுக்கு ஓடிவந்தேன். யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதே என்று அந்த வீட்டில் பொத்திவைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.