பாம்புக்கு விட்ட வாசல்

வீட்டுக்கு அடியில் இருந்த இடத்தை அடைக்க அப்பாவும் மாமாவும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முட்டி தேயத் தேய வேலை பார்த்தார்கள். அதில் ஓர் ஓட்டை விடச் சொல்ல அம்மாவுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலேசியாவில் தாப்பா என்ற ஊருக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட பழைய தோட்டத்தில் எங்கள் வீடு. பலகை வீடு, இடுப்பு உயரச் சிமெண்டுத் தூண்களின் மேல் நிற்கும். அடியில் விறகு, உடைந்த சைக்கிள், தூக்கிப்போட மனம் வராத சாமான்கள் எல்லாம் கிடக்கும். செம்பனை வந்ததும் எலி வந்தது. எலி வந்ததும் பாம்பு வராமல் இருக்குமா? ஒருநாள் விறகு எடுக்கப் போன அப்பா, தன் கை நீளத்துக்கு உரிந்து கிடந்த சட்டையைக் குச்சியில் தூக்கிக்கொண்டு வந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. தரைப் பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் சந்து இருந்தது. அந்தச் சந்துக்கு நேர் மேலேதான் என் பாய். அன்றிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசை மேல் ஏறிப் படுத்தேன். இரண்டு முறை உருண்டு விழுந்தேன். என் பயத்தைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

பாம்பு பிடிக்க வந்த பொம்பாக்காரர்கள் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, அடியை அடைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தீயணைப்பு வண்டியில் ஏறிப் போனார்கள். உடனே ஈப்போவிலிருந்து அம்மாவின் அண்ணன், என் மாமா, கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டிக்கொண்டே வந்து இறங்கினார். மண்ணின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, நாலு பக்கமும் சுவர், எறும்பு நுழைய இடமில்லை. அந்தக் காணொளியில் வீட்டைச் சுற்றிப் பனி கொட்டிக் கிடந்தது. தாப்பாவில் எங்கே பனி கொட்டுகிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் ஞாயிறு பிளாஸ்டிக் பாதி இடத்துக்குத்தான் வந்தது. இரண்டாம் ஞாயிறு மழையில் நனைந்த இரண்டு மூட்டைச் சிமெண்டு, மூட்டையாகவே இறுகிப்போனது. மூன்றாம் ஞாயிறு கடைசிப் பக்கத்துக்குக் கல் அடுக்கும்போது அம்மா வந்து நின்றாள்.

“எல்லாத்தையும் அடைச்சிராதீங்க. பின்பக்கம் ஒரு வழி விடுங்க. உள்ள இருந்தா எப்படி வெளிய போகும்?”

“அதான் ஒன்னும் இல்லன்னு பொம்பா சொல்லிட்டாங்கல்ல?” என்றார் அப்பா.

“அவங்களுக்கு என்னா தெரியும்? வழி விடுங்க.”

மாமா கரண்டியைக் கீழே போட்டார். “மச்சான், பேசாம ஒரு போர்டு எழுதி மாட்டிருவோம்லா. பாம்பு வாங்க, உக்காருங்கன்னு!”

குழம்பில் உப்பு கொஞ்சம் கூடினாலும் வாய் ஓயாத அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

அந்த ஓட்டை வழியாக முதலில் பக்கத்து வீட்டுக் கோழி போய் முட்டையிட்டது. அடுத்து உடும்பு போய் முட்டையைத் தின்றது. பெருமழையில் தண்ணீர் புகுந்தது. மாமாவின் பிளாஸ்டிக் விரிப்பு அதைச் சொட்டுவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. வீடு முழுக்கப் பூசண நாற்றம். கதவுகள் உப்பிப்போய்ச் சாத்த மறுத்தன. “வீடியோல இப்படி வரலையே” என்றார் மாமா. பாம்பு மட்டும் ஒருநாளும் வரவில்லை. நான் மேசையை விட்டு இறங்கவும் இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை அம்மா பசாருக்குப் போனதும், மிச்சமிருந்த சிமெண்டைத் தோசைமாவுச் சட்டியில் போட்டுக் குழைத்தேன். ஓரமாகக் கிடந்த அதே செங்கல்லை ஓட்டையில் செருகி, சுற்றிலும் அப்பிப் பூசினேன். மாமா பூசியதைவிட ஒழுங்காகவே இருந்தது.

“யாருடி இத அடைச்சது?” காய்கறிப் பையோடு நின்றாள் அம்மா.

“நான்தான். வீடு நமக்கா, பாம்புக்கா?”

கன்னத்தில் விழுந்தது. அதுவரை என்னை அவள் அடித்ததே இல்லை. அடித்த கையோடு மண்டியிட்டு, ஈரச் சிமெண்டை விரல்களால் தோண்டிச் செங்கல்லைப் பிடுங்கினாள். பிறகு அந்த ஓட்டையைப் பார்த்துக் கும்பிட்டபடி அழுதாள். நானும் என் பங்குக்கு அழுதேன். மாவுச்சட்டியைப் பாழாக்கியதற்குத்தான் அடி என்று முடிவு கட்டினேன். போயும் போயும் ஒரு சட்டிக்காகவா!

சாயங்காலம் அப்பா அந்தச் சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “அம்மாகிட்ட கோவிச்சுக்காதம்மா. எட்டு வருஷம் புத்துக்குப் பால் ஊத்துனவ.”

எட்டு வருடப் பால் வீணாய்ப் போனதே என்றுதான் எனக்குப் பட்டது. கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளையில்லாமல், வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துக் கோயில் புற்றைச் சுற்றி வந்தவள் அவள். ஒரு பிள்ளை கொடு, உன் பெயரை வைக்கிறேன், உன் வழியை என்றைக்கும் மறிக்க மாட்டேன் என்று அங்கே வேண்டிக்கொண்டாளாம். ஒன்பதாவது வருடம் நான் பிறந்தேன். இதையெல்லாம் நான் சேர்த்துப் புரிந்துகொள்ள இன்னும் பத்து வருடம் தேவைப்பட்டது.

திங்கட்கிழமை பள்ளியில் டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, “நாகேஸ்வரி” என்று கூப்பிட்டார். பின்வரிசைப் பையன்கள் வழக்கம்போல் உஸ்ஸென்று சீறினார்கள். உலகத்தில் வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று அம்மா மேல் இன்னொரு கோபமும் சேர்ந்துகொண்டது. வீங்கிய கன்னத்தோடு எழுந்து நின்று, “வந்திருக்கேன் டீச்சர்” என்று எரிச்சலாகக் கத்தினேன்.