அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

முதல் அறிகுறி என் கணவரின் வலது கட்டைவிரலில் தெரிந்தது. ஞாயிறு பூசையில் ஃபாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார். இவர் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் ஓயாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. ஜெபமாலை உருட்டுகிறார் என்று நினைத்தேன். கையில் ஜெபமாலை இல்லை. நரம்புத் தளர்ச்சி என்று நானே முடிவு கட்டி, பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்காதபடி அவர் கைமேல் என் கையை வைத்து அமுக்கினேன். உள்ளே அது துடித்துக்கொண்டே இருந்தது.

அவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். நான் ரோஜாப் பண்ணை ஒன்றின் குளிர் அறையில் ஏற்றுமதிப் பூவைத் தரம் பிரிப்பவள். குடிக்காத, புகைக்காத புருஷன் கிடைக்க நான் கொடுத்துவைத்தவள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

அப்பா எனக்குக் கொடுத்த பங்கில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். அதில் ஒரு வீடு கட்டிவிட வேண்டும். எனக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை கிடையாது. அஸ்திவாரத்துக்குச் சேர்த்த பணத்தை எடுக்க வங்கிக்குப் போன அன்று கணக்கில் ஒன்றும் இல்லை. அத்தனையும் அவர் போனில் ஆடிய ரம்மியில் போயிருந்தது.

கிருஷ்ணகிரியில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். பெண் டாக்டர். இதற்குச் சூதாட்ட அடிமைநோய் (நிறுத்த மனம் விரும்பினாலும் மூளை விடாத நிலை) என்று பெயர் சொன்னார். வேட்கையைத் தணிக்க ஒரு மாத்திரை எழுதினார். இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

“மாத்திரை பாதிதாம்மா. மீதி உங்க கையிலதான் இருக்கு. காசு அவர் கைக்குப் போற வழியெல்லாம் அடைச்சிடுங்க. ஆனா அவர் வாங்கின கடனை மட்டும் நீங்க கட்டாதீங்க. யார் வந்து அழுதாலும் சரி.”

அடைத்தேன். சம்பளம் விழும் கணக்கின் அட்டை என்னிடம், ரகசிய எண் வருவது என் போனுக்கு, அவருக்கு ஒரு பட்டன் போன். நகைகள் தேன்கனிக்கோட்டையில் என் அண்ணன் வீட்டுக்குப் போயின. சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இவருக்குக் கைமாற்று தராதீர்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். அது இருக்கிறதே, புருஷனை நடுத்தெருவில் நிறுத்திச் சட்டையை உருவுவது போன்ற காரியம். தினமும் காலையில் அவர் பையில் டீக்காசு வைப்பேன். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். அதற்கு மருந்து டாக்டரிடமும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் போனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. இவரோடு வேலை செய்பவர் ஒருவர் தன் போனில் ஆட்டத்தைத் திறந்து பார்த்தாராம். உங்கள் மாநிலத்தில் ஆட முடியாது என்று வந்ததாம். இதை இவரே வந்து சொன்னார். நான் அன்று கேசரி கிண்டினேன். மெல்ல மெல்ல விரல் அடங்கியது. பூசையில் கை கையாக இருந்தது. மனைக்கு மறுபடியும் சேர்க்கத் தொடங்கினோம்.

பிறகு அவர் கம்பெனியில் வேலை குறைந்தது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். சம்பளம் அதிகம். ஓசூரில் பாதிப் பேர் அப்படித்தான் போய்வருகிறார்கள். இவர் மட்டும் இழுத்தார்.

“வேணாம் மேரி. அந்தப் பக்கம் வேணாம்.”

“கன்னடம் தெரியாதவரா நீங்க? கம்பெனி பஸ்ஸு நம்ம முக்குக்கே வருது. இன்னும் என்னதான் வேணும்?”

“சரி, நீ சொல்றேன்னா போறேன்” என்றார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். வீடு எழும்பப்போகிற சந்தோஷத்தில் நான்தான் அவரை விரட்டி அனுப்பினேன்.

அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தடை நம் எல்லையோடு முடிந்துவிட்டது. பஸ் அத்திப்பள்ளி தாண்டியதும் எல்லார் போனிலும் ஆட்டம் திறந்துகொள்ளும். புதுக் கம்பெனியில் வருகைப்பதிவு போனில்தான், அதனால் பெரிய போன் வேண்டியிருந்தது. சம்பளத்துக்கு அவர்களே ஒரு புதுக் கணக்கும் திறந்து கொடுத்தார்கள். மாதாமாதம் அவர் பணத்தை என் கையில் கொடுத்ததால் நான் அதைத் துருவவில்லை. சம்பளம் ஆட்டத்தில் போக, என்னிடம் கொடுத்தது கடன் வாங்கிய பணம்.

பூசையில் அவர் விரல் மறுபடி வழுக்கியது. இதை ரீலாப்ஸ் (விட்ட பழக்கம் மறுபடி பிடித்துக்கொள்வது) என்கிறார்கள்.

அவரோடு வேலை செய்யும் மஞ்சுநாத் தன் பெயரில் கடன் எடுத்து இவருக்குக் கொடுத்திருந்தான். இவர் தவணை கட்டாததால் அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். அவன் மனைவி கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். அவள் கன்னடத்தில் பேசினாள், நான் தமிழில் பேசினேன்; இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. அவள் அழவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இந்த மாதம் குழந்தைக்குப் பால் மாவு வாங்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் டாக்டர் சொன்னது எனக்கு நினைவு வந்திருக்கும்.

மனையை விற்றேன். மஞ்சுநாத் கடனும் மற்ற கடன்களும் அடைந்தன. பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதே மாத்திரையை மறுபடி எழுதினார். “நீங்க கட்டிடுவீங்கன்னு இப்ப அவருக்குத் தெரிஞ்சுபோச்சும்மா” என்றார்.

இப்போது அவர் ஓசூரிலேயே ஒரு லேத் பட்டறையில் இருக்கிறார். பட்டன் போன்தான். மாத்திரையை என் கண் முன்னால் விழுங்குகிறார். சில நாள் தாமதமாக வருகிறார். டீ குடிக்க நின்றேன் என்கிறார். அத்திப்பள்ளிக்கு எந்நேரமும் பஸ் உண்டு. அங்கே யார் போனையும் இரவல் வாங்கலாம்.

உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், காசுக்குப் போடும் பூட்டையெல்லாம் போடுங்கள். அதோடு, அவர் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்றால், தெரியாது. குணமாகிவிடும் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. எழுத முடியவில்லை.

என் பொழுது இப்போது அவர் பட்டறை விடும் நேரத்தைச் சுற்றியே ஓடுகிறது. அதற்கு முன்பே உடம்பு இறுகிவிடும். குளிர் அறையில் பூவைக் கீழே வைத்துவிட்டு, வங்கியிலிருந்து செய்தி வந்ததா என்று போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன். காக்க அந்தக் கணக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்ப்பேன்.

போன ஞாயிறு பூசையில் என் போன் பைக்குள்தான் இருந்தது. பிரசங்கத்தின் நடுவே அவர் மெல்லக் கையை நீட்டி என் வலது கையின்மேல் வைத்து அமுக்கினார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அவர் விரல் அசையாமல் இருந்தது. அதன் அடியில் என் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டிருந்தது.

“விடு மேரி” என்றார்.

நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.