மூன்று அட்டைக்கு மேல் கூடாது

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுக்கும் சின்ன லேப் அது. அச்சு வார்க்கும் மாவைக் கலக்கும் வேலைக்கு வந்து சேர்ந்து, முதலாளி ஓய்வுபெற்ற நாளில் லேப் சாவியையே கையில் வாங்கியவள் அவள். ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஆச்சு’. யார் போன் செய்து எதைக் கேட்டாலும், “ஆச்சு சார், ஆச்சு, இதோ முடியப்போகுது” என்பாள், வாய் கூசாமல். பொய் சொல்லும் சுபாவம் இல்லை, பாவம். முடியாது என்றால் எதிராளியின் முகம் வாடிவிடுமே என்ற பயம். போனில் எந்த முகம் தெரிகிறதாம்!

விளைவு, மேசைக்கு மேசை அரைகுறைத் தாடைகள். ஒரு செட்டை மெழுகில் பதித்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் இன்னொரு டாக்டர் கூப்பிடுவார். இதைத் தள்ளிவிட்டு அதை எடுப்பார்கள். எல்லாம் தொடங்கியிருக்கும், ஒன்றும் முடிந்திருக்காது. ஆச்சு வீட்டுக்குப் போயும் உம்மென்று உட்கார்ந்திருப்பாள்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் கொழுந்தனின் மனைவி ஒருநாள் லேப்புக்கே வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஆனாலும் இருவருக்கும் ஒத்துப்போகும், அதிசயம்தான். சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, கோடு போட்டுக் கட்டங்களாகப் பிரித்தாள். வந்தது, மெழுகு, வார்ப்பு, பாலிஷ், போனது.

“இதுக்குப் பேரு கான்பான்க்கா. ஒரு செட்டுக்கு ஒரு அட்டை. வேலை நகர நகர அட்டையும் நகரும். ஆனா மெழுகு, வார்ப்பு, பாலிஷ், எதுலயும் மூணு அட்டைக்கு மேல கூடாது.”

“நாலாவது வந்தா?”

“முதல் கட்டத்துல காத்துக்கிட்டு இருக்கட்டும். ஒண்ணு முடிஞ்சு இடம் காலியானாத்தான் அடுத்ததை இழுக்கணும்.”

“டாக்டருங்க சும்மா விடுவாங்களா?”

“இப்ப மட்டும் மாலையா போடுறாங்க?”

பாலிஷ் போடுகிறவர்தான் முதலில் வழிக்கு வந்தார். எது முதலில், எது பிறகு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை; பலகையைப் பார்த்தால் போதும். கொஞ்ச நாளிலேயே சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார்.

ஆச்சுவுக்கு மட்டும் கை சும்மா இருக்கவில்லை. லேப்பின் பாதி வேலை ஒரு பெரிய கிளினிக் டாக்டரிடமிருந்துதான் வரும். ஒருநாள் காலையில் அவர் அவசரம் என்றார். மெழுகுக் கட்டம் நிரம்பியிருந்தது. இவள் பழக்க தோஷத்தில் “ஆச்சு சார்” என்றுவிட்டாள். அட்டையே எழுதாமல் தானே உட்கார்ந்து மெழுகில் பற்களைப் பதித்தாள். யார் கண்ணிலும் படக்கூடாதென்று அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து மூடினாள். சுடச்சுடக் கட்டிக்கொண்டு வந்த டிபன் பாக்ஸ் அதற்கு அடியிலேயே இருந்தது.

மத்தியானம் பையைத் திறந்தால், மெழுகு இளகிப் பற்களெல்லாம் கோணல்மாணலாகச் சரிந்து அவளைப் பார்த்து இளித்தன. பாலிஷ்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, இன்னிக்குச் சாப்பாடு உங்களைச் சாப்பிட வந்திருக்கா?”

லேப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த செட் தாமதமானது. டாக்டர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. “இன்னொரு தடவை இப்படி நடந்தா வேற இடம் பாத்துக்கிறேம்மா” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வைத்தார். அவர் போய்விட்டால் இங்கே இரண்டு பேருக்காவது வேலை இருக்காது. யார் அந்த இரண்டு பேர் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அதன்பிறகு பலகை சொன்னதுதான் சட்டம். அடுத்த திங்கட்கிழமை அந்த டாக்டரே கூப்பிட்டார்.

“ஒரு பேஷண்ட் புதன்கிழமையே செட் வேணும்கிறாரு. முடியுமாம்மா?”

அவள் பலகையைப் பார்த்தாள். நடுக்கட்டங்கள் மூன்றும் நிறைந்திருந்தன. பாலிஷ்காரர் சக்கரத்தை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தார். நாக்கு நுனிவரை வந்த சொல்லை அவள் விழுங்கினாள்.

“இல்ல சார். புதன்கிழமை முடியாது. வெள்ளிக்கிழமை காலையில அனுப்புறேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமைதானே?”

“ஆமா சார்.”

“அப்ப அன்னிக்கே வரச் சொல்லிடுறேன். வழக்கமா நீங்க ஒரு தேதி சொன்னா, நான் ஒரு வாரம் கூட்டித்தாம்மா பேஷண்ட்கிட்ட சொல்லுவேன். அதையும் தாண்டினாத்தான் எனக்குக் கோவமே வரும்.”

போனை வைத்தாள். சுருக்கென்று தைத்தது. யார் மனமும் நோகக்கூடாதென்று இத்தனை வருஷமாகச் சொன்ன வார்த்தையை அந்த மனிதர் ஒரு நாளும் நம்பியதில்லை. வெட்கமாக இருந்தது, கூடவே, பெரிய மூட்டையை இறக்கிவைத்தது போல நிம்மதியாகவும் இருந்தது.

“என்னக்கா, போயிட்டாரா?” என்றார் பாலிஷ்காரர்.

“இல்லைங்க. நம்பிட்டாரு,” என்றாள். “மசமசன்னு நிக்காம, பலகையில ஒரு இடத்தைக் காலி பண்ணுங்க.”