வாசல் வரைக்கும்

கனடாவின் மொன்றியல் நகரச் சூதாட்ட விடுதியின் வாசலில் டாக்சி நிற்கிறது. போக்கர் போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. நான் ஆன்லைன் சீட்டாட்டத்தை விட்டு எட்டு மாதம் ஆகிறது. சேரலாம் என்பதற்குப் போனில் மூன்று காரணங்கள் எழுதி வைத்திருக்கிறேன்: இது திறமை ஆட்டம், இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர் இல்லை, தோற்றாலும் கட்டிய பணத்தோடு முடிந்துவிடும். வேண்டாம் என்பதற்கு ஒன்றுதான்: அக்காவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.

“இறங்கேல்லையோ தங்கச்சி?” என்கிறார் ஓட்டுநர். யாழ்ப்பாணத்துக்காரர்.

“யோசிக்கிறேன் அண்ணா. நீங்க விளையாடுவீங்களா?”

“முந்தி விளையாடினனான். பேந்து நானே எழுதிக் குடுத்திட்டன், என்னை உள்ளுக்க விட வேண்டாமெண்டு. இப்ப போனால் மறிச்சுப்போடுவாங்கள்.”

“அப்புறம் ஏன் இங்க சவாரி எடுக்கறீங்க?”

“வாசல் வரைக்கும் வரலாம்தானே.” சிரித்துக்கொண்டே மீட்டரை நிறுத்துகிறார். “டோர்னமெண்ட் சூதில்லை தங்கச்சி. தோத்தாலும் கட்டின காசோட முடிஞ்சிடும். போயிட்டு வாங்கோ, நான் நிக்கிறன். என்னென்ன சீட்டு வந்ததெண்டு மட்டும் வந்து சொல்லுங்கோ.”

என் மூன்றாவது காரணம் அவர் வாயிலிருந்து வருகிறது. மெட்ரோ ரயில் நிலையத்துக்குத் திருப்பச் சொல்கிறேன்.

இறங்கும்போது, “நாளைக்கும் போட்டி இருக்கு,” என்கிறார்.

வேண்டாம் என்கிறேன். அவருடைய எண்ணை மட்டும் கேட்டு வாங்கி, போனில் அந்த மூன்று காரணங்களுக்குக் கீழேயே குறித்துக்கொள்கிறேன்.